பொருளாதாரப் பின்னடைவும் சமூக வர்க்கங்களும்: இலங்கை நலன்புரி அரசின் அனுபவம்

ஒரு நாட்டின் உற்பத்தியும் வேலைவாய்ப்பும் வருமானமும் தொடர்ந்து பல மாதங்கள் சுருங்கும் நிலை பொருளாதாரப் பின்னடைவு எனப்படும். மொத்த உள்நாட்டு உற்பத்தி அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் குறைந்தால் அதைப் பின்னடைவு என்று கொள்வது பொது வழக்கம். இந்த அளவுகோல் நாடு முழுவதற்கும் ஒரே எண்ணைத் தருகிறது. ஆனால் நாட்கூலி பெறுபவர், மாதச் சம்பளம் பெறுபவர், சொத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் வருமானம் பெறுபவர் ஆகிய மூவரையும் அது ஒரே அளவில் தாக்குவதில்லை.

கல்வி, மருத்துவம், உணவு, முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றில் பொறுப்பேற்கும் நலன்புரி அரசு, இந்த ஏற்றத்தாழ்வைத் தணிக்க உருவானது. அதில் ஓர் உள்முரண் உண்டு. மக்களுக்கு உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அரசின் வரி வருமானமும் வீழ்கிறது. செல்வந்த நாடுகள் அந்த இடைவெளியைக் கடன் வாங்கி நிரப்புகின்றன. வேலையிழந்தோருக்கான காப்பீடு அங்கே தானாகவே இயங்கத் தொடங்குகிறது. வெளிநாட்டு நாணயத்தில் கடன்பட்ட சிறிய நாட்டுக்கு அந்த வசதி இல்லை. 2022இல் இலங்கையில் நடந்தது இதுதான்.

கூப்பன் அரிசியும் 1953 ஹர்த்தாலும்

இலங்கையின் நலன்புரி அரசு சுதந்திரத்துக்கு முந்தியது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்த பிறகு, வாக்காளரின் தேவைகளை அரசியல்வாதிகள் புறக்கணிக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், அரிசி பங்கீட்டு முறை வந்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரச மருத்துவமனைகளில் கட்டணமில்லா மருத்துவமும் நிலைபெற்றது. அரிசிக் கூப்பன் ஏழைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நகரத்து எழுதுவினைஞரும் கிராமத்து விவசாயியும் ஒரே வரிசையில் நின்று அதை வாங்கினர்.

இந்தப் பொதுமைக்கு அரசியல் பலம் இருந்தது என்பதை 1953 காட்டியது. கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்திருந்த றப்பர் விலை சரிந்து அரச வருமானம் குறைந்தபோது, பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தாலில் நாடு முடங்கியது. துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம், அரிசி மானியத்தை முற்றாக நீக்க எந்த அரசும் துணியவில்லை.

அந்தப் பொதுமை மெல்ல மெல்லக் கலைக்கப்பட்டது. 1978இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்றானது. 1979இல் அதற்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. முத்திரையில் அச்சிடப்பட்ட ரூபாய்த் தொகை மாறவில்லை, விலைவாசி மாறியது. மானியத்தை ஒழிப்பதாக அறிவிக்காமலே பணவீக்கத்தைக் கொண்டு அதைக் கரைக்கும் இந்த வழி, 1953இன் படிப்பினையை அரசு எவ்வாறு எடுத்துக்கொண்டது என்பதைக் காட்டுகிறது. தொடர்ந்து 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி ஆகிய திட்டங்கள் வந்தன. சமுர்த்திப் பயனாளிகளைத் தெரிவதில் கட்சிச் செல்வாக்கு புகுந்தது என்ற குற்றச்சாட்டு கடைசி வரை நீங்கவில்லை.

மலையகத் தோட்டத் தொழிலாளர் இந்த வரலாற்றில் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நின்றவர்கள். 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். இலவசக் கல்வியின் முதல் முப்பது ஆண்டுகளில் அதன் முழுப் பயன் லயன் அறைகளைச் சென்றடையவில்லை.

2022 நெருக்கடி

2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தனிநபர் வருமான வரிக்கான விலக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இதனால் நேரடியாக அதிக நன்மை பெற்றவர்கள் உயர் வருமானத்தினர். அடுத்த ஆண்டே கோவிட் பெருந்தொற்று சுற்றுலாத் துறையை முடக்கியது. 2021இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்துக்கும் கீழே போனது. அதே ஆண்டில் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை நெல்லையும் தேயிலையையும் பாதித்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணய மதிப்பு 360 வரை சரிந்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். வறுமை 2021இல் 13.1 சதவீதமாக இருந்து 2022இல் 25 சதவீதமாக உயர்ந்தது என்று உலக வங்கி மதிப்பிட்டது.

நலன்புரிச் சேவைகள் சட்டத்தால் நீக்கப்படவில்லை. அவை உள்ளிருந்து வெறுமையாயின. அரச மருத்துவமனையில் படுக்கை இலவசம், ஆனால் மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தாள் இல்லாமல் தள்ளிப்போயின. கையில் பணம் இருந்தவர் தனியார் மருந்தகத்துக்குப் போனார். இல்லாதவருக்கு இலவச மருத்துவம் என்ற சொல் மட்டும் மிஞ்சியது.

ஒரே நெருக்கடி, வெவ்வேறு கணக்குகள்

இலங்கையின் புள்ளிவிவரங்கள் மக்களை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் காட்டுகின்றன. உலக வங்கியின் கணிப்பில் நகர்ப்புற வறுமை 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக, மும்மடங்கானது. பெருந்தோட்டங்களில் பாதிப் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வந்தனர்.

தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. அன்றைய நாணய மாற்றில் அது சுமார் 5 டொலர். ஓராண்டு கழித்து அதே 1,000 ரூபாய் 3 டொலருக்கும் குறைவு. மலையகத்தின் அன்றாட உணவான ரொட்டிக்குரிய கோதுமை மாவின் விலை பல மடங்கானது. அதே காலத்தில் கொழும்புத் தேயிலை ஏலத்தில் ரூபாய்க் கணக்கில் விலை உச்சத்தைத் தொட்டது. தேயிலை டொலருக்கு விற்கும் பொருள் அல்லவா? உரம், எரிபொருள் ஆகியவற்றின் செலவு ஏறியதும் விளைச்சல் விழுந்ததும் உண்மைதான். ஆனாலும் நாணய வீழ்ச்சியின் ஆதாயம் ஏற்றுமதிக் கணக்கில் வரவாகியபோது, கொழுந்து பறித்தவரின் கூலி அசையவில்லை. அது 1,350 ரூபாயானது 2024 செப்டம்பரில்தான்.

வடக்கிலும் கிழக்கிலும் சிறு மீனவரைத் தாக்கியது மண்ணெண்ணெய். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. வெளியிணைப்பு இயந்திரப் படகுக்கு அதுதான் எரிபொருள். கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி என்ற நிலை. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், விலைவாசி தாங்காமல் சில குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் பகுதிக்கு வந்து சேர்ந்திருந்தன.

அதே வடக்கில், கனடாவிலோ ஐரோப்பாவிலோ உள்ள உறவினர் அனுப்பும் பணத்தில் வாழும் குடும்பத்தின் கணக்கு வேறு. அங்கிருந்து வரும் அதே 100 டொலர், ரூபாயில் ஏறத்தாழ இருமடங்கானது. விலையேற்றத்தை அது முழுதாக ஈடுசெய்யாவிட்டாலும் அடுப்பு எரிந்தது. ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து வாழ்ந்த இரண்டு குடும்பங்கள், எந்த நாணயத்தில் வருமானம் என்பதால் வேறுவேறு வர்க்கமாயின. கையில் பெருந்தொகை வைத்திருந்தவர்களுக்கும் ஒரு வழி இருந்தது: அரச திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தை எட்டியது. பணவீக்கத்தைவிட அது குறைவுதான் என்றாலும், பணவீக்கம் இறங்கிய பிறகு அந்த வட்டி பெரும் இலாபமானது.

நடுத்தர வர்க்கத்தினரில் பலர் நாட்டைவிட்டே வெளியேறினர். 2022இல் பதிவு செய்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றோர் மட்டும் 3 லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு ஜூனில் எடுக்கப்பட்ட இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அரச ஊழியர்கள் பதவியை இழக்காமல் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டனர். வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்வோரின் குறைந்தபட்ச வயது 21 ஆகக் குறைக்கப்பட்டது. முதல் தரப்புக்குத் திரும்பி வர ஒரு நாற்காலி காத்திருந்தது.

சீரமைப்பின் சுமை

2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. வரி வருமானத்தை உயர்த்துவது அதன் மையம். பெறுமதி சேர் வரி 2022இல் இரு படிகளில் 15 சதவீதமானது. 2024 ஜனவரியில் 18 ஆனது. பாண் வாங்கும் கூலியாளும் கார் வைத்திருப்பவரும் கடையில் ஒரே வீதத்தில் கட்டும் வரிகள் ஏழையின் வருமானத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன. வருமான வரியும் திரும்பியது: மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரி, உச்ச வீதம் 36 சதவீதம். மருத்துவர், விரிவுரையாளர், வங்கி ஊழியர் 2023 தொடக்கத்தில் வீதிக்கு வந்தது இதனால்தான். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. குறைந்த அலகு பாவிப்போருக்கு அந்த ஏற்றம் சராசரியைவிடக் கடுமையாக விழுந்தது.

இவற்றைவிட அதிகம் பேசப்பட வேண்டியது 2023 நடுப்பகுதியில் நடந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. அரசு பட்ட உள்நாட்டுக் கடனில் கணிசமான பகுதி ஊழியர் சேமலாப நிதியிடமிருந்து பெறப்பட்டது. தனியார்துறைத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் சேரும் இந்த நிதிதான், ஓய்வூதியமற்ற ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் கடைச் சிப்பந்திக்கும் முதுமைக்கான ஒரே சேமிப்பு. பழைய முறிகளைக் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் உடைய புதிய முறிகளாக மாற்ற இந்த நிதி இணங்க வேண்டும். இணங்காவிட்டால் வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும் என்றது அரசு. வங்கிகள் ஏற்கனவே அதிக வரி செலுத்துகின்றன, அவை ஆட்டம் கண்டால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவர் என்ற காரணத்தால் அவற்றுக்கு விலக்குக் கிடைத்தது. அந்தக் காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் தொழிலாளரின் சேமிப்புக்கு ஏன் அதே பரிவு காட்டப்படவில்லை என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் வரவில்லை. இழப்பு உடனே கைக்குத் தெரியாமல் பல ஆண்டுகளுக்குப் பின் ஓய்வுபெறும் நாளில் தெரியும் என்பதால், எதிர்ப்பும் மெலிந்தே இருந்தது.

அஸ்வெசும

சமுர்த்தி உதவித்தொகைக்குப் பதிலாக 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. சிங்களத்தில் அச்சொல் ஆறுதல் எனப் பொருள்படும். கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளியிட்டு, நான்கு பிரிவுகளாக வகுத்தனர். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய். வறிய குடும்பத்துக்கு 8,500. அதற்கு மேலுள்ள இரு பிரிவுகளுக்கு 5,000, 2,500 ரூபாய் வீதம் குறுகிய காலத்துக்கு மட்டும். தொகைகள் சமுர்த்தியைவிட உயர்ந்தவை, பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போனது. கட்சிக்காரரின் கை விலகியது பெரிய முன்னேற்றமே.

ஆனால் ஒவ்வொரு பிரிவுக்கும் குடும்ப எண்ணிக்கை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. வறுமை இருமடங்காகியிருந்த வேளையில், 20 லட்சம் குடும்பங்களுக்குள் எல்லோரும் அடங்க வேண்டும். பட்டியல் வெளியானதும் 9 லட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் குவிந்தன. மின்பாவனை, வீட்டின் சுவர், வாகனம் போன்றவை நல்ல காலத்தில் சேர்த்த சொத்தைக் காட்டுமே தவிர, சென்ற மாதம் வேலை போனதைக் காட்டாது. தவணைக்கு முச்சக்கரவண்டி வாங்கி, தவணை கட்ட முடியாமல் தவித்த நகரத்துப் புதிய ஏழை இந்த வலையில் எளிதில் சிக்கமாட்டார். வேலையிழப்புக் காப்பீடு இலங்கையில் இல்லை என்பதால் அவருக்கு வேறு கதவும் இல்லை.

எதிர்ப்பின் வடிவமும் மாறியிருந்தது. 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் எல்லா வர்க்கத்தினரும் ஒரே வரிசையில் நின்றபோது, காலிமுகத்திடலில் திரண்ட போராட்டமும் வர்க்கங்களைக் கடந்ததாக இருந்தது. ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலகினார். பின்னர் எரிபொருள் ஒதுக்கீட்டு அட்டை வந்தது, வரிசைகள் கலைந்தன. மின்வெட்டும் நீங்கியதும், நடுத்தர வர்க்கத்தின் கவலை வருமான வரியாகவும் கடவுச்சீட்டாகவும் மாறியது. 1953இல் அரிசி விலைக்காக நாடே எழுந்தது. 2023இல் பட்டியலில் பெயர் விடுபட்ட பெண் பிரதேச செயலகத்தில் தனியாக, கையில் மேன்முறையீட்டுப் படிவத்துடன் நின்றார். ஆங்காங்கே ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஆனால் பட்டியலில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் பொதுவான கோரிக்கை ஒன்று உருவாகவில்லை.

2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி, சில மாதங்கள் பூச்சியத்துக்கும் கீழே சென்றது. ஆயினும் 2022இல் ஏறிய விலைகளில் பெரும்பாலானவை ஏறிய இடத்திலேயே நின்றன. 2025 ஜனவரியில் மிக வறிய குடும்பத்துக்கான அஸ்வெசும 17,500 ரூபாயாகவும் வறிய குடும்பத்துக்கானது 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. உலக வங்கியின் கணிப்பில், 2024இலும் நாட்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வறுமையில் இருந்தார்.