முற்றத்துக்கு வரும் பூனைக்குச் சோறு வைக்கலாமா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குள் வரப் பூனைக்கு வாசற்கதவு வேண்டியதில்லை. ஓட்டுச் சாய்ப்பில் நடந்துவந்து, கம்பிவலை அடிக்காத முற்றத்தில் குதித்தால் வளவுக்குள் வந்தாயிற்று. பூட்டிக் கிடக்கும் வீடானால் பாத்திர அறை மூலையில் குட்டியும் போட்டுவிடும். கல்யாணம், படைப்பு என்று குடும்பம் வந்து இறங்கியதும் பத்து நாளைக்குக் கறிச்சோறும் மீன் தலையும் கிடைக்கும். பிறகு வீடு பூட்டப்படும். அந்த நாட்களில் சினைப்பட்ட பூனை ஒன்பது வாரத்தில், ஆளில்லாத வீட்டில் குட்டி போடும்.

சோறு வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், வைப்பவர்கள் கருத்தடைக்கும் ரேபிஸ் தடுப்பூசிக்கும் சேர்த்தே பொறுப்பேற்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், பூனையைத் தினமும் வரப் பழக்காமல் இருப்பதே அதற்கும் தெருவுக்கும் நல்லது.

முதலில் காதைப் பாருங்கள்

ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், யாரோ பிடித்துக் கருத்தடை செய்து விட்ட பூனை அது. மினுமினுப்பான ரோமத்தோடு, கூச்சமில்லாமல் காலில் உரசினால் பக்கத்து வீட்டுப் பூனையாக இருக்கலாம், தெருவில் விசாரியுங்கள். தனியாகக் கிடக்கும் குட்டியை உடனே தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றுவதும் அதன் வழக்கம். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள்.

கடித்தால், பிறாண்டினால்

இதில்தான் நம் ஊரில் அலட்சியம் அதிகம். நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள், பூனை கடித்தால் ‘பல் பட்டது’ என்று விட்டுவிடுகிறார்கள். பூனைக்கடியும் ரேபிஸைக் கொண்டுவரும். அந்த நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

பூனையின் கோரைப்பல் ஊசிபோல மெல்லியது. தோலில் இரண்டு புள்ளிதான் தெரியும். காயம் உள்ளே ஆழமாக இருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, பல்லிலிருந்த பாக்டீரியா உள்ளே பெருகும். காலையில் கடிபட்ட விரல் இரவுக்குள் வீங்கிச் சிவந்து மடக்க முடியாமல் போவது உண்டு. சர்க்கரை நோயாளிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். கடித்த பூனையை 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். ஆனால், தெருப்பூனை பிடிபடாது. அதனால் ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பேறுகாலத்துக்கு மகள் வந்திருந்தால்

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையே கூடாது என்று துரத்துவதை நான் ஏற்கமாட்டேன். டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வருகிறது என்பது உண்மை. ஆனால், வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகே அது தொற்றும் நிலைக்கு வரும். பூனை மலம் கழிக்கும் மண்தட்டைத் தினமும் வேறொருவர் அள்ளிச் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும். சரியாக வேகாத கறியும், பூனை புழங்கும் தோட்டத்து மண்ணும், கழுவாத கீரையும்கூட இதே கிருமியைத் தரும். அவற்றிலும் கவனம் வேண்டும்.

தட்டில் என்ன வைப்பது

செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளம். இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. எனவே குழம்புச் சோறு கூடாது. முள் நீக்கி, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த மீனோ கோழியோ கொஞ்சம் சோற்றில் பிசைந்து வைக்கலாம். பசும்பால் பல பூனைகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும்; தாயில்லாக் குட்டிக்கு அதுவே எமனாகிவிடும். காய்ச்சலென்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துப்போகும்.

நேரம் வைத்துப் பின்கட்டில் கொடுங்கள். தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிட்டால் எலியும் நாயும் சேராது.

கருத்தடை

பெட்டைக்குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்படலாம். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாவதும் உண்டு. கருத்தடை செய்யும் நாளைக் கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஊருக்குக் கிளம்புகிறவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சியிடம் பூனையின் மீனுக்கான காசையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க் கரையில் விடும் கொடுமை இன்னும் நடக்கிறது. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டுக்குள் சேர்ப்பதானால்

முதல் இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இருக்கிறதா, ரோமம் வட்டமாக உதிர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வட்டம் படர்தாமரையாக இருந்தால், மடியில் வைத்துக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் தொற்றும். குடற்புழு மருந்து கொடுத்து, மூன்று மாத வயதில் ரேபிஸ் ஊசியும் பிறகு ஆண்டுதோறும் மறுஊசியும் போடுங்கள். தேதிகளை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பிள்ளையை அது பிறாண்டினால் மருத்துவர் கேட்கப்போவது அந்த அட்டையைத்தான்.