லேப்டாப்பில் ஓடியது, போர்டில் ஏன் சொதப்பியது?

சில வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய சின்ன கெர்னல் மாட்யூல் ஒன்று, என் இன்டெல் லேப்டாப்பில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. அதையே ஒரு ஆர்ம் போர்டில் ஏற்றினேன். நாளைக்கு ஒன்றிரண்டு தடவை குப்பை டேட்டா வந்தது. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒரு வாரத் தூக்கம் போச்சு.

விஷயம் இதுதான். ஒரு கோர் டேட்டாவை எழுதிவிட்டு, 'தயார்' என்று ஒரு ஃபிளாகை 1 ஆக்கும். இன்னொரு கோர் அதைப் பார்த்ததும் டேட்டாவை எடுக்கும். எங்கள் வெம்பாக்கம், ஆரணிப் பக்கம் பட்டு நெய்பவர் புடவையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் முதலாளிக்கு "ரெடி" என்று போன் போடுவார். வரிசை மாறினால், வந்தவர் காலி அலமாரியைத்தான் பார்ப்பார்.

இந்த வரிசையை இரண்டு பேர் மாற்றலாம். ஒன்று கம்பைலர்: அந்த ஒரு த்ரெட்டின் விடை மாறாதவரை வரிகளை இடம் மாற்ற அதற்கு உரிமை உண்டு. இன்னொன்று சிபியு: மெஷின் கோடு சரியான வரிசையில் இருந்தாலும், மற்ற கோர்களுக்கு அது வேறு வரிசையில் தெரியலாம்.

லினக்ஸின் பேரியர்() கம்பைலரை மட்டும்தான் தடுக்கும். அது ஒரு காலி அசெம்பிளி வரி. ஒரு இன்ஸ்ட்ரக்ஷனும் சேராது. நான் போட்டிருந்தது இதைத்தான். இன்டெலில் சாதாரண மெமரியில் முதலில் எழுதியது முதலில் தெரியும், அதனால் பிழைத்தேன். அங்கே எஸ்எம்பி_டபிள்யூஎம்பி() கூட வெறும் கம்பைலர் தடைதான். ஆனால் அதே பெயர் ஆர்மில் 'டிஎம்பி' இன்ஸ்ட்ரக்ஷனாகவும், ரிஸ்க்-வியில் 'ஃபென்ஸ்' ஆகவும் மாறும். 2018-ல் லினக்ஸை பூட் செய்துகாட்டிய ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' ப்ராசஸரும் ரிஸ்க்-வி குடும்பம்தான்.

இன்டெலும் முழுக்க நல்ல பிள்ளை இல்லை. ஓரிடத்தில் எழுதிவிட்டு வேறிடத்தைப் படித்தால், படிப்பது முந்திக்கொள்ளலாம். அதற்கு எஸ்எம்பி_எம்பி() வேண்டும்.

எழுதும் பக்கம் மட்டும் தடை போட்டாலும் பத்தாது. போன் வருவதற்கு முன்பே முதலாளி அலமாரியை எட்டிப் பார்த்துவைத்திருந்தால்? அதனால் படிக்கும் பக்கத்தில் எஸ்எம்பி_ஆர்எம்பி() ஜோடியாக வேண்டும். ஃபிளாகைத் தொடும்போது ரைட்_ஒன்ஸ், ரீட்_ஒன்ஸ் வேண்டும். இல்லையென்றால் கம்பைலர் அதை ஒரே தடவை படித்துவிட்டு லூப்பில் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

கடைசியில் மாற்றியது நாலு வரிதான். இப்போதெல்லாம் ஒவ்வொரு பேரியர் பக்கத்திலும் அதன் ஜோடி எங்கே இருக்கிறது என்று கமெண்ட் எழுதிவிடுகிறேன். ஜோடியைச் சொல்லத் தெரியவில்லை என்றால், அந்த பேரியர் எதற்கு என்று எனக்கே புரியவில்லை என்று அர்த்தம்.