அப்பாரு துப்பாக்கியும் பத்து மீட்டர் பிஸ்டலும்



2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்த சமயம் நம்ம ஹாஸ்டலில் எல்லார் போனிலும் ஒரு படம் சுற்றி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? துருக்கி நாட்டுக்காரர், யூசுப் டிகெச். சாதாரண மூக்குக் கண்ணாடி, சாதாரண டீ-சர்ட், இடது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, டீக்கடைக்கு வந்தவர் போல நின்று சுட்டு வெள்ளி வாங்கிவிட்டுப் போனார். அதே கலப்பு இரட்டையர் போட்டியில் வெண்கலம் நம்ம நாட்டுக்கு. மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் தென் கொரியாவை 16-10 என்று ஜெயித்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் ஒரு நண்பன் கேட்டான்: "ஏன்டா, இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணும்ல? நம்மளை மாதிரி ஆளுக்கு எவன் குடுப்பான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி மனசில் ஒட்டிக்கொண்டது. காரணம், எங்கள் வீட்டுப் பரணில் ஒரு துப்பாக்கி இருந்தது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

விளையாட்டுத் துப்பாக்கியின் விதிப் புத்தகத்தை உலகத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆங்கிலம்தான். டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செமஸ்டர் லீவில் பாதி படித்தேன். படிக்கப் படிக்க இது நம்ம மெட்ராலஜி பாடம் மாதிரியே இருந்தது! அதனால்தான் இந்தக் கட்டுரை.

அரைக் கிலோ, கால் மில்லிமீட்டர்

பிஸ்டல் போட்டிகளில் ஆரம்பப் பள்ளி மாதிரி இருப்பது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். இதில் வெடிமருந்தே கிடையாது. சின்ன சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. குண்டு 4.5 மில்லிமீட்டர், ஈயம், தலை தட்டையாக இருக்கும். கூராக இருந்தால் காகிதத்தைக் கிழித்துவிடும். தட்டையாக இருந்தால் பஞ்சிங் மிஷினில் அடித்த மாதிரி வட்டமாக ஓட்டை விழும், அளக்கச் சௌகரியம்.

பிஸ்டலின் மொத்த எடை 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 420 x 200 x 50 மில்லிமீட்டர் பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள், அதற்குள் அடங்க வேண்டும். நம்ம 'கோ, நோ-கோ' கேஜ் மாதிரி! ட்ரிக்கர் இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை வேண்டும். அதைச் சோதிக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. குழலை நேராக மேலே பார்க்க நிறுத்தி, ட்ரிக்கரில் அரைக் கிலோ எடையை மாட்டித் தூக்குவார்கள். எடை தரையை விட்டு எழுந்தால் பாஸ். பாதியிலேயே ட்ரிக்கர் விட்டுவிட்டால் அந்தப் பிஸ்டல் ஆகாது. போட்டி முடிந்த பிறகும் சிலரைத் திடீரென்று கூப்பிட்டு இதே சோதனையை வைப்பார்கள். தேறாவிட்டால் எடுத்த பாயிண்டெல்லாம் போச்சு.

ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கூடாது. சுடுகிற கையில் கைக்கடிகாரம், காப்பு, பட்டை எதுவும் போடக் கூடாது, அது மணிக்கட்டைத் தாங்கிவிடும் என்பதால். (சாமிக் கயிறு பற்றி ஒன்றும் எழுதவில்லை. தடிமனாகக் கட்டுகிறவர்கள் நடுவரைக் கேட்டுக்கொள்ளவும்!) கணுக்காலை மூடும் ஷூ கூடாது. தொலைநோக்கி, லேசர் கூடாது. பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முளை, அவ்வளவுதான் குறி. யூசுப் பாக்கெட்டில் கை விட்டது ஸ்டைலுக்கு இல்லை. சும்மா தொங்குகிற கை உடம்பை ஆட்டும், அதனால் முக்கால்வாசிப் பேர் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகிக்கொள்கிறார்கள்.

தகுதிச் சுற்றில் 60 குண்டு, 1 மணி 15 நிமிடம். அதற்கு முன் 15 நிமிடம் பழகிக்கொள்ள விடுவார்கள். பெண்களுக்கு முன்பு 40 குண்டுதான் இருந்தது, 2018 முதல் அவர்களுக்கும் 60. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பிஸ்டலின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். பத்து எண்ணுவதற்குள் பாட்டில் ஆடும். இதை அறுபது தடவை செய்ய வேண்டும்!

இனி கணக்குக்கு வருவோம். இலக்கில் பத்து பாயிண்ட் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது சட்டைப் பட்டன் அளவு. குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே அதிக பாயிண்ட் என்பது விதி. அப்படியானால் குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 5.75 + 2.25 = 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். 10 மீட்டரில் 8 மில்லிமீட்டர். பிஸ்டலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சுமார் 32 சென்டிமீட்டர். ஒத்த முக்கோணம் போட்டால், முன்குறி சுமார் 0.26 மில்லிமீட்டர் தள்ளினாலே பத்து ஒன்பதாகிவிடும். கால் மில்லிமீட்டர்! வொர்க்ஷாப்பில் வெர்னியர் காலிபரை வைத்துக்கொண்டே நாம் அதைவிட அதிகமாகத் தப்பு விடுகிறோம்.

இன்னொரு கணக்கு. அரை கிராம் குண்டு வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், 10 மீட்டர் கடக்க 0.067 வினாடி. அதற்குள் புவியீர்ப்பு அதை 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இறக்கிவிடும். குறிகளைத் திருகி அதைச் சரிக்கட்டிக்கொள்வார்கள். சேலம் பொருட்காட்சி பலூன் கடையில் நமக்கு ஏன் படவே மாட்டேன் என்கிறது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அங்கே முன்குறி எந்தக் காலத்திலோ வளைந்து போயிருக்கும், ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், மூன்று குண்டு வீணாக்கி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பெரிய போட்டிகளில் காகிதம் போய் மின்னணு இலக்கு வந்துவிட்டது. குண்டு ஊடுருவும்போது எழும் சத்தம் மூலைகளில் உள்ள மைக்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். அந்த நேர வித்தியாசத்தை வைத்துக் குண்டு போன இடத்தைக் கணக்குப் போடுவார்கள். லேசர் கதிரை வைத்துக் கண்டுபிடிக்கும் இலக்குகளும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்களுக்கு நல்ல புராஜெக்ட்.

பாதுகாப்பு விதிகளில் விளையாட்டே கிடையாது. சுடாத நேரமெல்லாம் பிஸ்டலுக்குள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறக் கொடி செருகியிருக்க வேண்டும், 'உள்ளே குண்டு இல்லை' என்பதற்கு அடையாளம். குழல் வாய் எப்போதும் இலக்கின் பக்கம்தான். 'ஸ்டாப்' என்றால் அந்த நொடியே ஸ்டாப். காற்றுச் சிலிண்டருக்கும் ஆயுள் 10 வருஷம். தேதி தாண்டிய சிலிண்டரோடு போய் நின்றால் தப்பு வீரருடையது, கம்பெனியுடையது அல்ல.

மனு பாக்கருக்கு 2021-ல் டோக்கியோவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தகுதிச் சுற்றின் நடுவிலேயே பிஸ்டலின் லீவர் உடைந்துவிட்டது. பயிற்சியாளரோடு ஓடிப் போய்ச் சரி செய்து வருவதற்குள் கிட்டத்தட்ட இருபது நிமிடம் போய்விட்டது. ஆயுதக் கோளாறுக்குக் கூடுதல் நேரம் கிடையாது என்பது விதி. மிச்ச நேரத்தில் அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். 12-ஆவது இடம். இறுதிச் சுற்றுக்கு 577 வேண்டியிருந்தது. இரண்டே பாயிண்ட்! ஒரு சின்ன உலோகத் துண்டு. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இந்தச் சேதி வேறு மாதிரி வலிக்கிறது. மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் 580 எடுத்து உள்ளே போய், 221.7 பாயிண்டோடு வெண்கலம் வாங்கினார். இந்தியப் பெண்களில் துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

லைசென்ஸ் வேண்டுமா, வேண்டாமா?

இப்போது மெஸ் நண்பனுக்குப் பதில். ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. இப்போதுள்ள விதிகள் 2016-ல் வந்தவை. அந்த விதிகள்படி, 4.5 மில்லிமீட்டருக்குள் துளையும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்குகிறவர் அடையாளச் சான்று கொடுக்க வேண்டும், கடைக்காரர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். நம்ம அரை கிராம் குண்டுக்கு ½mv² போட்டுப் பாருங்கள், 5.6 ஜூல்தான் வருகிறது. ஆகவே டேய் நண்பா, உன்னைத் தடுப்பது லைசென்ஸ் இல்லை!

தடுப்பது காசு. போட்டித் தரமுள்ள பிஸ்டல் வெளிநாட்டிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. மொரினி, ஸ்டேயர், வால்தர் என்று பெயர்கள். விலை லட்சத்தைத் தாண்டும். எங்க அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா கோழிப் பண்ணையில் முட்டை எடுக்கிறார். இந்தத் தொகையை அவர்களிடம் சொல்லக்கூட மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து பாரிஸ் போன பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிள்ளை. ஆனால் சரப்ஜோத் சிங் ஹரியானாவில் அம்பாலா பக்கத்து விவசாயி மகன், அதையும் எழுதிவிடுகிறேன். ரைபிள் கிளப்பில் சேர்ந்தால் கிளப் பிஸ்டலிலேயே பழகலாம், பிறகு மாநிலப் போட்டி, அதற்கு மேலே தேசியப் போட்டி என்று ஏணி இருக்கிறது. தேசிய ரைபிள் சங்கம் 1951-லிருந்தே இயங்குகிறது. சொந்தப் பிஸ்டல் என்பது நாலாவது ஐந்தாவது படியில் வரும் பிரச்சினை.

25 மீட்டர் போட்டிக்குப் போனால் கதை வேறு. அது வெடிமருந்துள்ள 5.6 மில்லிமீட்டர் தோட்டா. அதற்கு லைசென்ஸ் கட்டாயம், வயது 21 ஆக வேண்டும். 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள், லைசென்ஸ் காலத்தை 3 வருஷத்திலிருந்து 5 ஆக்கினார்கள். துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு. கல்யாணத்தில், திருவிழாவில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நம்ம ஆட்களுக்கு ஒரு வார்த்தை. "லேத் இருக்கு, பைப் இருக்கு, ஒண்ணு கடைஞ்சு பார்த்தா என்ன?" என்று விளையாட்டுக்குக்கூட யாரும் நினைக்க வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகும்.

பரணில் இருந்தது

எங்கள் ஊர் சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரம். மரவள்ளிக் காடு. ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் விடிவதற்குள் கிழங்கை நோண்டி எறிந்துவிடும். அதற்காக அப்பாரு வாலிபத்தில் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தது ஒற்றைக்குழல் துப்பாக்கி. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய வகை. பன்றியைக் கொல்ல அதில் அனுமதி கிடையாது, வனஉயிர்ச் சட்டம் தனி. சத்தம் போட்டு விரட்டத்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பாரு அதைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவார். ஊரில் அவருக்கு அது ஒரு மரியாதை.

போன வருஷம் லீவில் வீட்டுக்குப் போனபோது, அந்த லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அதுவரை அந்தப் புத்தகத்தை யாரும் முழுசாகப் படித்ததில்லை. கடைசிப் புதுப்பிப்பு 2018 டிசம்பரோடு முடிந்திருந்தது. அப்பாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, பிறகு கொரோனா, அப்படியே விட்டுவிட்டார்கள். அது மட்டும் இல்லை. நாடு முழுவதும் லைசென்ஸ்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது. 2020 நடுவில் வரை தவணை நீட்டிக் கொடுத்தும் எங்கள் புத்தகத்தில் எண் இல்லை.

அதாவது ஆறு வருஷத்துக்கு மேலாக எங்கள் பரணில் இருந்தது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அதற்குக் குறைந்தது 2 வருஷம், 5 வருஷம் வரை தண்டனை.

சொன்னேன். சித்தப்பாவுக்குக் கோபம். "இத்தனை வருசமா யாரு கேட்டா? பரண்ல கெடக்கட்டும். ரெண்டெழுத்துப் படிச்சுட்டு வந்து வீட்டுக்குள்ளயே கேஸ் போடறியா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அப்பாரு கட்டிலில் படுத்தபடியே கேட்டார்: "கண்ணு, அந்தப் புஸ்தகத்துல அப்படித்தான் எழுதியிருக்குதா?"

"ஆமாங்க அப்பாரு."

சட்டத்தில் வழியும் இருக்கிறது. வைத்திருப்பது செல்லாமல் போனால் தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 70 வயதான, அல்லது 25 வருஷம் வைத்திருந்த லைசென்ஸ்தாரர் வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். அப்பா கேட்டிருக்கலாம். "மாசத்துல இருபது நாள் ரோட்டுல கெடக்கறேன், எனக்கெதுக்குப்பா?" என்றுவிட்டார். எனக்கு 21 ஆகவில்லை.

மறுநாள் காலை, பழக்கமான அதே துணியில் சுற்றி, டி.வி.எஸ். வண்டியில் அப்பாருவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போனோம். பயந்துகொண்டுதான் போனேன். அங்கிருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டார், திட்டினார், எழுதி வாங்கிக்கொண்டார், ரசீது கொடுத்தார். அப்பாரு வெளியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரசீதை என்னிடம் நீட்டி, "படி" என்றார். படித்தேன். "இன்னொரு வாட்டி படி கண்ணு" என்றார்.

இப்போது எங்கள் காட்டில் பன்றி வந்தால் தகர டின் தட்டுகிறோம்.

- மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு