மூலம் தருவோர் கடன்

கவிதையும் கணினி நிரலும் ஓரினத்தன என்றால் தமிழ் மாணவர் நகைப்பர். ஆயினும், இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நூல், கட்டுரை முதலிய எழுத்தாக்கங்களோடு கணினி நிரலையும் சேர்த்தே எண்ணுகின்றது. ஆக்கியோன் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டும் உரிமை நிலைபெறும். ஆதலின், விலையின்றிக் கிடைப்பதெல்லாம் வரையறையின்றி வழங்கத்தக்கது எனக் கொள்ளுதல் பிழை.

நிரலுக்கு வடிவம் இரண்டு. மனிதர் எழுதிப் படிப்பது மூலநிரல். அதனைப் பொறிக்கு ஏற்ப மாற்றியது தொகுநிரல். லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவோர் பெரும்பாலும் பெறுவன தொகுநிரற் பொதிகளே. அவற்றுட் பலவற்றை ஆளும் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் 1991 ஆம் ஆண்டு வடிவம், தொகுநிரலை வழங்குவோர் மூலநிரலையும் உடன்வழங்குக, அன்றேல் கேட்பார்க்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுக்கு எழுத்தில் உறுதி கூறுக என விதிக்கின்றது.

2006 இல் மெப்பிஸ் என்னும் வெளியீடு உபுண்டுவின் பொதிகளைக் கொண்டு அமைந்தது. மூலம் உபுண்டுவிடம் உளதன்றோ என்று அதனை ஆக்கியோர் அமைந்திருந்தனர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோ, வழங்கியவரே கடன்பட்டவர் என உணர்த்திற்று.

இதற்கு மறுதலையான வழக்கும் எழுந்தது. உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம், தன் தொகுநிரற் பொதிகளைப் பயன்படுத்த உரிமம் பெறுமாறு லினக்ஸ் மின்ட் குழுவினரைக் கேட்ட செய்தி 2013 இல் வெளிவந்தது. மூலம் பொதுவாயின், அதிற் பிறந்த தொகுநிரலுக்குத் தனித்தடை தகுமோ? 2015 யூலையில் அந்நிறுவனம், ஒவ்வொரு பொதிக்கும் உரிய உரிமமே மேலோங்கும் எனத் தன் கொள்கையிற் சேர்த்தது.

மூலத்தின் அருமை நமக்குப் புதிதன்று. அச்சுவேலிக்கு அயலதாகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடு தேடி ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடு உடையோர் மறைத்திருப்பின் பாடம் திருந்துவது எங்ஙனம்? மூலம் கிட்டாத நிரலும் அத்தகையதே. பிழை கண்டும் திருத்தல் இயலாது.

பள்ளிக் கணினிக்கூடத்தில் ஆசிரியர் ஓர் இறுவட்டைப் படியெடுத்து மாணாக்கர்க்கு ஈதல் நற்செயலே. ஊதியம் கருதாது ஈவோர், தாம் பெற்ற எழுத்துறுதியையே கைமாற்றவும் அவ்வுரிமம் இடந்தருகின்றது. ஆனால் அவ்விறுவட்டில் வேறு உரிமம் பூண்ட பொதிகளும் இருத்தல் கூடும். அவற்றைத் தனித்தனி ஆராய்தல் வேண்டும். நிரலோடு உரிமத்தையும், மூலம் பெறும் வழியையும் ஒருங்கே ஈவோமாக. பெறுபவனைக் கற்பவனாக்கும் கொடை அதுவே.