ஈரல் இரத்தப் பரிசோதனை: ரிப்போட்டில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன?

மண்சரிவுக்குப் பிறகு பாடசாலையிலோ கோவில் மண்டபத்திலோ தங்கியிருந்து இப்போது லயத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். சில வாரங்கள் கழித்து வீட்டில் ஒருவருக்குச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது. சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போகிறது. "அங்கே நல்லாத்தானே இருந்தார், வீட்டுக்கு வந்த பிறகு ஏன் இப்படி?" என்று கேட்பீர்கள். ஏ வகை ஈரல் அழற்சி வைரசு உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் வரை எடுக்கும். அதனால் நெரிசலான இடத்தில் குடித்த தண்ணீரின் விளைவு, வீடு திரும்பிய பிறகும் தெரியலாம். 2009இல் வவுனியா முகாம்களில் பரவியதும் இதே நோய்தான்.

இப்படியான வேளையில் வைத்தியர் எழுதித் தரும் பரிசோதனைகளில் எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. என்ற இரண்டு இருக்கும். சில ரிப்போட்டுகளில் ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். இவை ஈரல் கலங்களுக்குள் வேலை செய்யும் நொதியங்கள். கலம் சேதமானால் இரத்தத்தில் கசியும். கூடை கிழிந்தால் வழியெல்லாம் கொழுந்து சிந்திக் கிடக்குமே, அதுபோல. சிந்தியதைப் பார்த்தால் கிழிசல் இருப்பது தெரியும். கூடையில் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது. அதனால்தான் பல வருடக் குடியால் ஈரல் சுருங்கிப்போன ஒருவருக்கு இந்த எண் சரியாகவே இருக்கவும் கூடும். "நம்பர் நோர்மல்" என்று அவர் மறுபடி போத்தலைத் தொடக்கூடாது.

பொதுவாக 40 வரை சரியான அளவு. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இது சற்று மாறும், ஆகவே உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவையே பாருங்கள். ஏ வகை அழற்சியில் 1000ஐத் தாண்டுவது உண்டு. பயங்கரமான எண்தான், ஆனால் பெரும்பாலானோர் ஓய்விலேயே குணமாகிறார்கள். 60, 80 என்று சற்றுக் கூடியிருந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கலாம். ராகமையில் நடந்த ஆய்வில் 35 முதல் 64 வயதானோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. எஸ்.ஜி.ஓ.ரி. மற்றதைவிட இரண்டு மடங்காக இருந்தால் வைத்தியர் குடியைப் பற்றிக் கேட்பார். திட்டுவதற்காக அல்ல, கசிப்பு என்றாலும் உள்ளதைச் சொல்லுங்கள். எஸ்.ஜி.ஓ.ரி. தசையிலும் இருப்பதால், மண் வெட்டி, கல் சுமந்து வீட்டைச் சரிசெய்தவருக்கும் அது ஏறலாம். அதையும் சொல்லுங்கள். காசநோய் மருந்து குடிப்பவராயின் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காய்ச்சலுக்குப் பனடோல் போடும்போது எண்ணிப் போடுங்கள். 500 மில்லிகிராம் வில்லை, பெரியவருக்கு ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடாது. ஈரல் நோய் இருந்தால் அதைவிடக் குறைவு. எத்தனை என்று வைத்தியரிடம் கேளுங்கள். கீழ்காய்நெல்லி அரைத்துக் குடிப்பவர்களும் அதை மறைக்க வேண்டாம்.

ஒரு தடவை எடுத்த எண் பாதிக் கதைதான். "இரண்டு வாரத்தில் திரும்ப வாங்க" என்றால், இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று பலர் அந்தத் தவணையை விட்டுவிடுகிறார்கள். கஷ்டம் எங்களுக்கும் புரிகிறது. ஆனாலும் விட்டுவிடாதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைக்குப் போனால் சிகிச்சை இலவசம். வெளியே பரிசோதிக்கச் சொன்னால், செலவு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நேரமும் உண்டு. கண் மஞ்சளாகிப் பேச்சுத் தடுமாறினால், இரத்த வாந்தி எடுத்தால், மலம் கறுப்பாகப் போனால், சிறுநீர் குறைந்தால், அல்லது கண் மஞ்சளானவர் கர்ப்பிணியாக இருந்தால், உடனே 1990 சுவசெரியவை அழையுங்கள். கட்டணம் இல்லை. லயம் வரை வண்டி ஏறாது என்றால், எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்று சொல்லிவிட்டு நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள்.

பழைய கிளினிக் புத்தகம் மண்ணோடு போயிருந்தால் அதைச் சொல்லிப் புதியது கேளுங்கள். புது ரிப்போட்டை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் உறையில் வையுங்கள்.