தாளம் தப்பாத எஞ்சினும் தப்பும் எஞ்சினும்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையோரம் சற்று நின்று கேளுங்கள். பழைய புல்லட் 'டப், டப்' என்று சீராகப் போகிறது. அதற்கு ஒரே சிலிண்டர். பின்னால் வரும் இன்டர்செப்டர் 650க்கு இரண்டு சிலிண்டர்கள். ஆனால் அதன் ஒலி தாளம் தப்பியதுபோல் கேட்கிறது. பழுதா? இல்லை, வேண்டுமென்றே செய்த அமைப்பு!

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க் தண்டு. சைக்கிள் பெடல்களைப் பாருங்கள். ஒன்று மேலே இருந்தால் மற்றது கீழே. இடைக்கோணம் 180 பாகை. இரண்டையும் ஒரே பக்கம் பொருத்தினால் அது 360 பாகை அமைப்பு.

1937இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பீடு ட்வின், 1960களின் பழைய இன்டர்செப்டர் ஆகியவை 360 பாகை வகை. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரு சுற்றுக்கு ஒருமுறை எரியும். எனவே இரண்டும் மாறி மாறி, சுற்றுக்கு ஒன்றாக எரிகின்றன, ஒலி சீராகிறது. ஆனால் பிஸ்டன்கள் சேர்ந்தே ஏறி இறங்குவதால் அதிர்வு விசை இரட்டிப்பாகிறது. நட்டுகள் தளரும், ஓட்டுபவர் கை மரத்துப்போகும்.

1965இல் வந்த ஹோண்டா சி.பி. 450இல் கோணம் 180 பாகை. ஒரு பிஸ்டனின் விசையை மற்றது ஈடுசெய்கிறது. ஆயினும் ஒருபுறம் ஏற மறுபுறம் இறங்குவதால் எஞ்சின் பக்கவாட்டில் ஆடுகிறது. எரிதலும் 180, 540 பாகை என ஒழுங்கற்றுப்போகிறது.

இன்னோர் அதிர்வும் உண்டு. இணைப்புத் தண்டு சாய்வதால் பிஸ்டன் மேல்பாதியில் விரைவாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் செல்கிறது. இதனால், சுற்றுக்கு இருமுறை வீதம் எழும் இந்த அதிர்வு, மேற்கண்ட இரு வகைகளிலும் கூடிவிடுகிறது. 270 பாகையிலோ பிஸ்டன்களுக்கிடையே கால் சுற்று வேறுபாடு. சுற்றுக்கு இருமுறை எழும் அதிர்வுக்கு அது அரைச் சுற்றாகிறது. எனவே இரண்டும் எதிரெதிராகி அழிகின்றன! முதல் வகை விசையும் இரட்டிப்பாகாமல், ஒரு பிஸ்டனுடையதைப்போல் சுமார் 1.4 மடங்கே ஆகிறது. எஞ்சியதைச் சமனித் தண்டு ஒன்று தணிக்கிறது.

1995இல் யமஹா டி.ஆர்.எக்ஸ். 850 இம்முறையைக் கையாண்டது. 2018இல் விற்பனைக்கு வந்த தமிழ்நாட்டுத் தயாரிப்பான இன்டர்செப்டர் 650உம் இதே வகை. எரிதல் இடைவெளி 270, 450 பாகை. நீங்கள் கேட்ட தாளம் அதுதான்.

எந்தக் கோணமும் எல்லா அதிர்வையும் போக்குவதில்லை. எதைப் பொறுப்பது, எதை நீக்குவது என்பதே வடிவமைப்பாளரின் தேர்வு. அடுத்த முறை இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்று கடந்து சென்றால், அதன் ஒலியைக்கொண்டே கோணத்தைச் சொல்ல முயலுங்களேன்!