ஒரு பிடி தானியம்

பணத்தைப் பற்றிய படிப்பு ஈட்டுதல், சேர்த்தல், செலவிடுதல் என்னும் மூன்றோடு முடிந்துவிடுவதாகவே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகின்றோம். நான்காவது பாடம் ஒன்றும் உண்டு, அது கொடுத்தல். முதல் மூன்றையும் கற்பிக்கப் பள்ளிகளும் வங்கிகளும் இருக்கின்றன. நான்காவதற்கு வீடே பள்ளி. அப்பள்ளியில் ஆசிரியராக அமர்வோர் இருவர். ஒருவர் வாழ்க்கையின் வாயிலில் நிற்கும் குழந்தை. மற்றவர் அதன் பெரும்பகுதியை நடந்து கடந்த முதியவர். ஈட்டும் பருவத்தில் உள்ள நாம் இவ்விருவரையும் நம்மால் பேணப்படுவோராக மட்டுமே கருதிவிடுகின்றோம். அவர்களிடம் நாம் கற்க வேண்டியவை எவை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மகாராஷ்டிரத்தில், அந்நாளில் கொலாபா என்றும் இந்நாளில் ராய்கட் என்றும் வழங்கும் மாவட்டத்தில், காகோதே என்னும் சிற்றூரில் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் பிறந்தவர் ஆசார்ய வினோபா பாவே. தம் இளமைக் காலத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கின்றார். வீட்டு மரத்தில் பலா பழுத்தால், அதனை அறுத்துச் சுளைகளை அயல் வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவரும்படி தாயார் தம் பிள்ளையையே அனுப்புவாராம். கொடுத்து முடித்த பின்னரே பிள்ளைக்குப் பழம். கொடுப்பவன் தேவன், தனக்கென வைத்துக்கொள்பவன் அரக்கன் என்னும் பொருளில் மராத்தியில் ஒரு வழக்குண்டு. அவ்வழக்கைச் சொல்லியே அத்தாய் மகனை வளர்த்தார். இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. தாம் கொடுப்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் போதுமென்று அவர் விடவில்லை. பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்தார்.

அத்தாயைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. இறைவனுக்கு ஓர் இலட்சம் அரிசி மணிகளைப் படைப்பதாக அவர் விரதம் பூண்டு, நாள்தோறும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்து வந்தார். கணக்கில் தேர்ந்த கணவர், சிறிதளவு அரிசியை நிறுத்து, அதில் உள்ள மணிகளை எண்ணி, மொத்தத்திற்கும் பெருக்கிக்கொண்டால் வேலை எளிதில் முடியுமே என்றார். அம்மையார் மகனிடம் கேட்டார். மகனோ, அது வெறும் கணக்கன்று என்றும், ஒவ்வொரு மணியை எண்ணும்போதும் மனம் இறைவனிடம் செல்வதே அதன் பயன் என்றும் விடை கூறினார். தந்தை சொன்ன கணக்கில் பிழையில்லை. எனினும், கொடையை அளக்கும் கோல் தராசு மட்டுமன்று என்பதை அவ்வீட்டில் தாயும் மகனும் உணர்ந்திருந்தனர்.

இனிக் குழந்தைகளின் பக்கம் வருவோம். கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள உளநூல் அறிஞர்கள் 2012-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு வயதும் நிரம்பாத சிறு குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்து, எதிரே ஒரு பொம்மையை வைத்தார்கள். தான் பண்டத்தைப் பெற்றபோது குழந்தையின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைவிட, பொம்மைக்குக் கொடுத்தபோது தோன்றிய மகிழ்ச்சி மிகுதியாக இருந்தது. பிறர் எடுத்துத் தந்த பண்டத்தைக் கொடுத்தபோது கண்ட களிப்பைவிட, தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது கண்ட களிப்பு இன்னும் பெரிது. ஆய்வுக்கு உட்பட்ட குழந்தைகள் சிலரே. ஆகையால் இதனை உலகப் பொதுவிதி என்று முழங்குதல் ஆகாது. ஆயினும், கொடுத்தலில் உள்ள இன்பம் நாம் வெளியிலிருந்து புகட்டும் மருந்தன்று, உள்ளத்திலேயே அதற்கு ஒரு வித்து இருக்கின்றது என்று கருத இஃது இடந்தருகின்றது.

வித்து இருப்பதனாலேயே மரம் வளர்ந்துவிடுமா? இதற்கு விடையாக 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வைக் கூறலாம். இந்தியா, கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், மெக்சிக்கோ, பெரு, செனகல், உகாண்டா ஆகிய ஏழு நாடுகளில், 4 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரை இருவர் இருவராக அமர்த்திப் பண்டங்களைப் பங்கிட்டுப் பார்த்தனர். தனக்குக் குறைவாகவும் எதிரில் இருப்பவருக்கு மிகுதியாகவும் வந்த பங்கீட்டை ஏற்க மறுக்கும் இயல்பு ஏழு நாடுகளிலும் காணப்பட்டது. தனக்கே மிகுதியாக வந்தபோது, அது நேர்மையன்று என்று மறுக்கும் இயல்போ கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் மட்டும், அதுவும் சற்று வளர்ந்த பிள்ளைகளிடத்தில்தான் தெளிவாகத் தென்பட்டது. எனக்குக் குறைந்துவிட்டதே என்னும் முறையீடு எங்கும் தானாக வருகின்றது. எனக்கு அளவுக்கு மிஞ்சி வந்துவிட்டதே என்னும் கூச்சமோ, சுற்றியுள்ளோரின் வாழ்க்கை முறையைப் பொறுத்து வருவதாகத் தோன்றுகின்றது. கொடுக்கும் மகிழ்ச்சியைக் குழந்தை நமக்குக் காட்டுகின்றது; அதனை நாள்தோறும் நிற்கும் ஒழுக்கமாக்குவது முதியோரின் பணி.

இவ்விரண்டும் கூடும் இடத்தை வினோபா நன்கு கண்டார். 1950-களின் பிற்பகுதியில் அவர் 'சர்வோதயப் பாத்திரம்' என்னும் திட்டத்தை நாட்டின் முன் வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாத்திரம். அதில் நாள்தோறும் ஒரு பிடி தானியம் சமுதாயப் பணிக்கெனச் சேர வேண்டும். அப்பிடி வீட்டுக் குழந்தையின் பிடியாக இருத்தல் வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். தாயின் கை பெரியது. அதில் அடங்கும் தானியமும் மிகுதி. இருந்தும் சிறு கையையே அவர் கேட்டார். தாயின் கை தானியத்தை மட்டும் பெருக்கும். குழந்தையின் கையோ ஒரு தலைமுறையின் பழக்கத்தை உருவாக்கும்.

சிறு பிடி என்று இதனை இகழ வேண்டா. ஒரு பிடியை 25 கிராம் என்று கொண்டால், ஓராண்டில் ஒரு வீட்டில் 9 கிலோவுக்கு மேல் சேரும். நூறு வீடுள்ள ஊரில் 900 கிலோவைத் தாண்டும். இது வெறும் கற்பனைக் கணக்கன்று. மிசோரம் மலைநாட்டில் 1910-ஆம் ஆண்டு முதல், சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைத் திருச்சபைக்கென ஒதுக்கி வைக்கும் வழக்கத்தைப் பெண்கள் நடத்தி வருகின்றனர். 'புஃபாய் தாம்' என்று அதற்குப் பெயர். அவ்வாறு சேரும் அரிசி இன்று ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் மதிப்புடையதாக வளர்ந்திருக்கின்றது. பிடியரிசி எடுத்துவைக்கும் வழக்கம் தமிழ் இல்லங்களுக்கும் புதியதன்று. பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு பிடியைக் கலயத்தில் இட்டதன் சிறப்பு, மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை, கொடுத்த பின் மிஞ்சியதையே சமைத்தனர் என்பதாகும்.

பெருங்கொடைகளின் வரலாறும் நமக்கு ஓர் எச்சரிக்கையைத் தருகின்றது. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், இன்றைய தெலங்கானாவிலுள்ள போச்சம்பள்ளியில், நிலமற்ற நாற்பது அரிசனக் குடும்பங்கள் 80 ஏக்கர் நிலம் கேட்டன. ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அன்று பிறந்த பூதான இயக்கத்தின் பொருட்டு வினோபா நாடெங்கும் கால்நடையாகவே சென்றார். நாற்பது இலட்சம் ஏக்கருக்கு மேல் தருவதாக மக்கள் வாக்களித்தனர். உலகம் வியந்த சாதனை இது. ஆயினும் அவற்றுள் பெரும்பகுதி நிலமற்றோர் கைக்குச் சென்று சேரவில்லை. சில பாறை நிலங்கள்; சில வழக்கில் கிடந்தவை; சில வாக்களித்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டவை.

இளமையில் வினோபா தம் தாயிடம் ஒரு வினா எழுப்பியதுண்டு. உடல் வலிமையுடைய ஒருவனுக்குப் பிச்சையிடுதல் சோம்பலை வளர்ப்பதாகாதா என்று கேட்டார். வாயிலில் வந்தவன் தகுதியுடையவனா என்று தீர்ப்பளிக்க நாம் யார் என்னும் கருத்துப்படத் தாய் விடையளித்தார். இதனையும் பூதானத்தின் அனுபவத்தையும் அருகருகே வைத்து எண்ணும்போது ஓர் உண்மை புலனாகும். வாங்குவோரின் தகுதியை ஆராய்வதில் நாம் செலவிடும் கூர்மையை, நாம் கொடுக்கும் பொருளின் தகுதியை ஆராய்வதில் செலவிட வேண்டும். விளையாத நிலம், கிழிந்த துணி, கெட்டுப்போன உணவு ஆகியவற்றைக் கழித்தல் எனலாமேயன்றிக் கொடை எனலாகாது.

தனக்கு உகந்ததையே கொடுத்த இளையோருக்கும் நம் நாட்டில் சான்று உண்டு. 1934-ஆம் ஆண்டு ஜனவரியில், அரிசன நிதிக்காகக் காந்தியடிகள் மலபாரில் உள்ள வடகரைக்கு வந்தபோது, கௌமுதி என்னும் இளநங்கை தாம் அணிந்திருந்த நகைகளைக் கழற்றி அவரிடம் அளித்தார். பெற்றோர் இசைவு உண்டா என்று அடிகள் வினவினார்; அவற்றுக்கு ஈடாகப் புது நகை கேட்பதில்லை என்னும் உறுதியையும் எதிர்பார்த்தார். ஈடு பெற்றுக்கொண்டால் கொடுத்தவர் தந்தையாகிவிடுவார். மகளின் கொடை மறைந்துவிடும். இந்நிகழ்ச்சியைக் காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' இதழில் மனமுருகி எழுதினார்.

இவற்றிலிருந்து நம் இல்லங்களுக்கு நாம் கொள்ளத்தக்கவை மூன்று. ஒன்று, வீட்டின் சார்பில் எதைக் கொடுத்தாலும் பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்தல். இரண்டு, பிள்ளை தன் பங்கிலிருந்து மனமுவந்து ஒன்றைக் கொடுத்தால், அன்பின் மிகுதியால் அதனை உடனே ஈடுசெய்யாதிருத்தல். மூன்று, மாதக் கணக்கு எழுதும்போது கொடைக்கான தொகையைக் கடைசி வரியில் எழுதாமல் முதல் வரியில் எழுதுதல். வருவாய் குறைந்த வீட்டில் அவ்வரி மிகச் சிறியதாக இருக்கலாம். அதனால் குறையொன்றும் இல்லை. வீட்டில் முதியவர் இருப்பின் அத்தொகை எவருக்குச் செல்ல வேண்டும் என்பதை அவரிடமே கேட்கலாம். எந்த வீட்டில் உதவி தேவைப்படுகின்றது, எவர் வாய்திறந்து கேட்கமாட்டார் என்பதைத் தெருவில் நெடுநாள் வாழ்ந்தவரே நன்கறிவர். அவர் சொல்லும் வாயிலுக்குப் பிள்ளை எடுத்துச் செல்லட்டும். இடையிலுள்ள நாம் பாத்திரம் வெறுமையாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.